வேதியியல் ரிப்போர்ட்டில் இடமில்லாதவை

எதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பகுப்பாய்வு வேதியியல்; கோல சிலாங்கூர் சோதனைக்கூடத்தில் இருபது வருடமாக எனக்குச் சோறு போடுவது அதுதான். சோதிக்கச் சொல்லிப் புட்டியைக் கொண்டுவருகிறவரின் முகத்தைப் பார்ப்பதுதான் இதில் சிரமம். இதே வேலையில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

கனிம வேதியியல்

உலோகம், உப்பு, தாது இவற்றைப் படிப்பது. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தார். அவர் மனைவிக்கு உள்ளங்கையும் பாதமும் தடித்துக் கறுத்துப் போயிருந்தன. தண்ணீரில் ஆர்செனிக் அளவுக்கு மேல் இருந்தது. ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "தண்ணிய மாத்தச் சொல்லி அவ எத்தனையோ தடவ சொன்னா. ருசியாத்தானே இருக்குன்னு நான்தான் கேக்கல."

இயற்பிய வேதியியல்

வாயு எப்படிப் பரவும், எங்கே தங்கும், சூட்டில் என்ன ஆகும் என்பதெல்லாம் இதில் வரும். ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கழிவுநீர்த் தொட்டியைக் கழுவ இறங்கிய முருகையா மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இறங்கியவரும் மேலே வரவில்லை. இருவரும் இறந்துபோனார்கள்.

மறுநாள் காற்றை அளக்க என்னை அழைத்தார்கள். கழிவு அழுகி வரும் வாயு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும், அதிகமானால் மூக்குக்கு வாடைகூடத் தெரியாது என்று மேனேஜரிடம் விளக்கினேன். பக்கத்தில் நின்ற, ஆட்களை மேய்க்கும் மண்டோர் செல்வம் என் கையிலிருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இதே மாதிரி ஒண்ணு எங்க ஸ்டோர்லயும் இருக்கு சார். ஒடைஞ்சிரும்னு பூட்டி வச்சிருக்கோம்."

உயிர் வேதியியல்

உடம்புக்குள் நடக்கும் வேதி மாற்றங்களைப் படிப்பது. தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும் காமாட்சியின் இரத்தத்தில், நரம்புக்கு வேண்டிய ஒரு நொதி பாதியாகக் குறைந்திருந்தது. கை நடுக்கத்தில் குவளையைத் தூக்க முடியாமல், மேசையில் வைத்தே குனிந்து குடித்தார். "நல்லா இருக்குன்னு எழுதிக் குடுங்க லா சார்" என்று கெஞ்சினார். நான் உள்ளதைத்தான் எழுதினேன். சில வாரம் கழித்து மறுசோதனைக்கு வந்தபோது நொதி ஏறியிருந்தது. அவரே சொன்னார்: "ரத்தம் சரியாயிருச்சு சார், வேலதான் போயிருச்சு."

கரிம வேதியியல்

கார்பன் சேர்மங்களைப் படிப்பது. செம்பனை எண்ணெயும் களைக்கொல்லியும் இதில்தான். புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து வந்த லட்சுமி, ஓர் ஆரஞ்சு பானப் புட்டியைப் பையில் சுற்றி வைத்திருந்தார். லோரி ஓட்டும் அவர் கணவர் அதிலிருந்ததைக் குடித்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். உள்ளே இருந்தது களைக்கொல்லி. ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்: "என்ன மருந்து, எவ்வளவுன்னு போட்டிருக்கீங்க. தெரியாம குடிச்சாரா, தெரிஞ்சே குடிச்சாரான்னு எந்தச் சோதனையில தெரியும் சார்?"

என் கருவிகள் இதுவரை பொய் சொன்னதில்லை. அதற்காக யாரும் நன்றி சொன்னதும் இல்லை.