அந்த எர்த் கம்பிகளைப் பற்றவைத்தது நான் அல்ல

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுக் கூட்டத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

அக்கா பிறந்தது மும்பை தாராவியில். அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினேழு வயது. அடுத்த மாதமே எங்கள் சந்திலிருந்த கேபிள் பட்டறையில் சேர்ந்து வீட்டுக்குச் சோறு போட்டார். இரண்டு வருடம் கழித்து நானும் அவர் பக்கத்தில் வேலைக்கு உட்கார்ந்தேன்.

கேபிளின் மேல் மாட்டும் சிறு செம்புக் குழாயில் எர்த் கம்பியைப் பற்றவைப்பது எங்கள் வேலை. குழாய் நன்றாகச் சூடேறும்வரை பொறுத்து ஈயத்தைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈயம் மேலே உருண்டு நிற்கும். பார்வைக்குப் பளபளக்கும், இழுத்தால் கம்பி கையோடு வந்துவிடும்.

ஒரு வாரம் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். விடுப்பு எடுக்காமல் நடுங்கும் கையோடு வேலை செய்தார். அந்த வாரம் அவர் பற்றவைத்த கேபிள் பெட்டிகள், கம்பி கழன்று வருகிறதென்று திரும்பி வந்தன.

"பூரா மால் வாபஸ் வந்துட்டு. யாரு பண்ணுன வேல இது?" என்று முதலாளி கத்தினார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "தங்கச்சிதான் பண்ணுனா, சேட்" என்றார்.

அன்றே என்னை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமாவது உண்மையைச் சொல்வார் என்று நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. அந்தச் சந்தில் வேறெந்தப் பட்டறையும் என்னைச் சேர்க்கவில்லை. செம்பூரில் வீட்டு வேலைக்குப் போனேன். கல்யாண வீடுகளில் உங்களில் சிலரே, "பட்டறைச் சரக்கக் கெடுத்தவ வந்துட்டா" என்று சிரித்திருக்கிறீர்கள். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா தம்பியைப் படிக்கவைத்தார். அம்மாவைக் கடைசிவரை தாங்கினார். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஞாயிறுதோறும் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். இதை மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

கடைசி மாதம் மருத்துவமனையில் நான்தான் உடனிருந்தேன். ஒரு மதியம் என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, அன்னைக்குப் பயந்துட்டேன். என் வேல போனா வீடே போயிரும்னு நெனச்சேன்."

"சரிக்கா. அதுக்கப்புறம் முப்பது வருசம் இருந்துச்சே?"

"வாய் வரல. நான் போனப்புறம் நீயே எல்லார்ட்டயும் சொல்லிரு."

முதல் பொய்யைவிட இது எனக்கு அதிகம் வலித்தது. உயிரோடிருந்து தாம் சொல்ல வேண்டியதை என் தலையில் வைத்து, இறந்தவரைக் குறைசொல்லும் தங்கையாக என்னை உங்கள் முன் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். "செத்தவங்கள விட்டுரு, அக்கா" என்றான் தம்பி. நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

மருத்துவமனைக்கு முறைவைத்துச் சோறு கொண்டுவந்த சபைச் சகோதரிகளுக்கும், அடக்க ஆராதனை முடியும்வரை கூடவே நின்ற வாஷி சித்தப்பா குடும்பத்தாருக்கும் நன்றி. அன்று பட்டறையில், "இது சின்னவ வேல இல்ல சேட்" என்று கூட வேலைபார்த்த ஒருத்தி மட்டும் சொன்னாள். அவள் இப்போது எங்கிருக்கிறாளோ தெரியவில்லை. அவளுக்கும் நன்றி.

அக்காவை மன்னித்துவிட்டதாக எழுதி முடிக்கச் சொன்னார்கள். இன்னும் மன்னிக்கவில்லை. அவரை நினைத்து அழாத நாளும் இல்லை.

தங்கை