தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்த கோமதி அக்கா

சேதி வந்தபோது நான் திருநெல்வேலி டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் உட்கார்ந்து, தங்கை மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. "டீச்சர், முத்துலெட்சுமி பேசுதேன்" என்றது குரல். முத்துலெட்சுமி என் பழைய மாணவி. இப்போது பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வேலை நேரத்தில் சும்மா போன் செய்கிறவள் இல்லை. "நம்ம கோமதி அக்கா தவறிட்டாங்க டீச்சர். எங்க ஆஸ்பத்திரியிலதான் சேத்திருந்தோம். விடியக்காலம், தூக்கத்துலயே" என்றாள். மடியில் கிடந்த புடவை நழுவி விழ, எழுந்து நின்றுவிட்டேன். "என்னம்மா, கலர் பிடிக்கலையா?" என்றார் கடைக்காரர்.

"நேத்து ராத்திரிகூட என்னக் கூப்பிட்டு, 'ஏட்டி, இந்த வார்டு பாத்ரூம் தாழ்ப்பாள் ஆடுது, ஆளக் கூட்டிட்டு வந்து காட்டு'ன்னாங்க டீச்சர்" என்று சொல்லி முத்துலெட்சுமி விசும்பினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜவுளிக்கடை நடுவில் நின்று சிரித்தேன், அப்புறம் அழுதேன். கோமதி அக்காவை அறிந்தவர்களுக்கு இது வினோதமாகத் தெரியாது.

இந்த வட்டாரத்தில் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த யாருக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டவுணில் ஒரு வியாபாரக் குடும்பம் தங்கள் லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. அரசுப் பள்ளிகளுக்கு வகுப்பறை, பெஞ்சு, தண்ணீர் வசதி என்று செய்துகொடுப்பார்கள். எந்தப் பள்ளிக்கு எது தேவை என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது கோமதி அக்காவின் வேலை. வங்கி வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். ஆள் பார்க்க ஊசிபோல இருப்பார், வாய் மட்டும் கடப்பாரை. திசையன்விளையானாலும் ஆழ்வார்திருநகரியானாலும் பஸ்தான். "கார்ல போனா ஊரே எந்திச்சு நிக்கும். பஸ்ல போனா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். எனக்கு அதுதான் வேணும்" என்பார். உண்மையில் எனக்குத்தான் அவரைவிட வயது கூடுதல். ஊரே அக்கா என்றதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். "என்ன டீச்சர், வயசக் கொறைக்கப் பாக்கியளோ?" என்று எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்குவார்.

நான் தலைமையாசிரியையாக இருந்தது மருதங்கரை நடுநிலைப் பள்ளியில். ஆற்றுப் பாசனத்தில் வாழையும் நெல்லும் விளையும் ஊர். பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் பெரும்பாலும் வாழைத் தோட்டத்துக் கூலிவேலைக்குப் போகிறவர்கள். பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறை ஒரு மழைக்காலத்தில் கூரை விழுந்து, கதவும் போய், மூன்று சுவராக நின்றது. பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திவிடுவார்கள். அந்த வருடம் முத்துலெட்சுமி ஏழாம் வகுப்பு. அவளுடைய அப்பா கருப்பசாமி என்னிடம் வந்து, "அடுத்த வருசம் அனுப்ப மாட்டேன் டீச்சர். ஒதுங்க எடமில்லாத பள்ளிக்கூடத்துக்குப் பொட்டப்பிள்ளைய எப்படி அனுப்ப? நீங்களே சொல்லுங்க" என்றார். அன்றைக்கே அறக்கட்டளைக்கு எழுதிப் போட்டேன். பார்க்க வருகிறோம் என்று பதில் வந்தது.

அங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் கைவரிசையைக் காட்டினார்கள். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டிலுள்ள ஓட்டை உடைசல் எதுவும் அவர் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஊர்ப் பெரியவர் சுடலைமுத்து தலைமையில் பள்ளிக்கு வெள்ளையடித்தார்கள். கல்யாண மண்டபத்திலிருந்து நாற்காலியும் மின்விசிறியும் வந்தன. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடும் பந்தல் பள்ளி வாசலில் எழுந்தது. நான் தொண்டை வற்றக் கத்தினேன். "கஷ்டத்தக் காட்டத்தானய்யா கூப்பிட்டிருக்கேன்!" என்றேன். "சும்மா இருங்க டீச்சர். வாரவுக நம்ம ஊரப் பத்தி நாலு எடத்துல நல்லபடியா சொல்லணும்லா?" என்றார் சுடலைமுத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, அறக்கட்டளைத் தலைவர் கைகூப்பிச் சிரிக்கிற படத்தோடு ஒரு பெரிய ப்ளெக்ஸ் அடித்து, அந்த இடிந்த கழிப்பறையை மறைத்து இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

தலைவர் காரில் வந்து இறங்கினார். ஊரெல்லாம் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைக்கும். நல்ல மனிதர். இளநீர் குடித்தார், சுற்றிப் பார்த்தார், பூரித்துப் போனார். "பள்ளிக்கூடத்த ஜோரா வச்சிருக்கிய டீச்சர். இதவிடக் கஷ்டப்படுத எடத்துக்குக் குடுத்தா புண்ணியம்லா?" என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். நான் அவர் பின்னால் ஓடப் போனேன். சுடலைமுத்துவோ, "பாத்தியளா டீச்சர், எப்படிப் புகழ்ந்தாவ!" என்று பல்லெல்லாம் தெரிய நின்றார். அவரை அந்தப் பந்தல்காலிலேயே கட்டிப்போடலாமா என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் பஸ்ஸில் வந்த கோமதி அக்கா, முகமெல்லாம் புழுதியோடு வாசலுக்குள் நுழைந்தார். மாலையோடு ஓடியவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் சாமி வந்து எறங்கல. பஸ்ல வந்து எறங்கியிருக்கேன்." பிறகு என்னிடம் திரும்பி, ஊரே கேட்கும்படியாக, "டீச்சர், கக்கூஸ் எங்க இருக்கு?" என்றார்.

ஆண்கள் எல்லோரும் பந்தல் கூரையை ஆராயத் தொடங்கினார்கள். சுடலைமுத்து நெளிந்துகொண்டே, "எங்க வீடு பக்கத்துலதான் இருக்குக்கா. புதுசா டைல்ஸ் போட்டிருக்கு" என்றார். "ஒம்ம வீட்டப் பாக்க நான் வரலவே. இந்தப் பிள்ளைக எங்க போவும்?" என்றார் அக்கா. பன்னீர்ச் செம்போடு வரிசையில் நின்ற முத்துலெட்சுமிதான் சொன்னாள்: "அந்த அண்ணாச்சி படத்துக்குப் பொறத்தால இருக்குக்கா."

அக்கா போய் ப்ளெக்ஸின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அண்ணாச்சி, வாங்க. ஒங்க படத்துக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போவோம்" என்று கூப்பிட்டார். அண்ணாச்சி போனார். உள்ளே எருக்கஞ்செடி மண்டிக் கிடந்தது, மேலே வானம் தெரிந்தது. வெளியே வந்து, தன் படத்தை அண்ணாந்து பார்த்தார். "எப்பா... இத மறைச்சுட்டா நான் சிரிச்சிக்கிட்டு நிக்கேன்?" என்றார். முதலில் சிரித்தவர் கோமதி அக்கா. பிறகு ஊரே சிரித்தது. அன்றைக்கே, செய்துகொடுப்பதாக அண்ணாச்சி வாக்குக் கொடுத்தார்.

ஆனால் காரியம் அத்தோடு முடியவில்லை. நம் பக்கத்தில் ஒரு ட்யூப் லைட் கொடுத்தாலும் அதில் 'உபயம்' என்று பெயர் எழுதாமல் கொடுப்பதில்லை. அறக்கட்டளை கொடுப்பது எல்லாம் அண்ணாச்சியின் காலஞ்சென்ற தகப்பனார் பெயரில். "எங்க ஐயா பேரக் கக்கூஸ் செவுத்துல எழுதச் சொல்லுதியா கோமதி? எழுதாம விட்டா அவருக்குப் புண்ணியம் எப்படிப் போய்ச் சேரும்?" என்று அவர் உண்மையாகவே தவித்தார். பேசாமல் வாசலில் ஒரு தோரண வாயில் கட்டிவிடலாமே என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். எத்தனையோ பள்ளிகளில் பளபளவென்று வாசலும் மேடையும் இருந்து, கழிப்பறை மட்டும் இல்லாததற்கு இதுதான் காரணம் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அக்கா அசரவில்லை. "கக்கூஸுக்குத் தண்ணி வேணும்லா அண்ணாச்சி? தண்ணிக்குத் தொட்டி வேணும்லா? தொட்டிய ஒசரத் தூக்கிக் கெட்டுவோம். ஐயா பேர அதுல எழுதுவோம். ரோட்டுல போற பஸ்ஸுல உள்ளவனெல்லாம் படிச்சுட்டுப் போவான்." அண்ணாச்சியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! இன்றைக்கும் எங்கள் ஊர் வழியாகப் போகிற பஸ்ஸிலிருந்து அந்தப் பெயரைப் படிக்கலாம். தொட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பயணிகளுக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியும்.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்ததும் அந்தச் சமயத்தில்தான். கையோடு வகுப்புக்குப் பெரிய டிவி ஒன்றும் கேட்டேன். "டிவி எங்கயும் ஓடிப் போவாது டீச்சர். மொதல்ல தாழ்ப்பாள்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து பேச்சை நிறுத்திவிட்டேன். அடுத்த முறை அல்வாப் பொட்டலத்தோடு வந்து, என் மேசைமேல் வைத்து, "கோவம் தொண்டையில நின்னா அல்வா எறங்காது. ரெண்டுல எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். அல்வா சூடாக வேறு இருந்தது. நான் என்ன செய்வேன்?

கட்டடம் முடிந்ததும் ஒவ்வொரு கதவுக்குள்ளும் போய்ச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, திறந்து, மறுபடி போட்டுப் பார்த்தார். ஒன்று சரியாக விழவில்லை. கொத்தனார், "பள்ளிக்கூடத்துக்கு இது போதும்லாக்கா" என்று இழுத்தார். "ஒம் பொண்டாட்டி குளிக்க எடத்துல இந்தத் தாழ்ப்பாளப் போடுவியாலே?" என்றார் அக்கா. கொத்தனார் கழற்றிக்கொண்டு போய்ப் புதிது வாங்கி வந்தார்.

திறப்பு விழா அன்று அக்கா மேடைப்பக்கமே வரவில்லை. முத்துலெட்சுமியின் அம்மாவைத் தேடிப் பிடித்துக் கழிப்பறைக்குள் அனுப்பிவிட்டு, கருப்பசாமியோடு வெளியே நின்றார். அந்த அம்மாள் கதவைச் சாத்துவதும், தாழ்ப்பாள் விழுவதும், குழாயில் தண்ணீர் விழுவதும் கேட்டது. வெளியே வந்தவள் புருஷனைப் பார்த்து, "தாழ்ப்பா நல்லா விழுது" என்றாள். "சரி, பிள்ளை போவட்டும்" என்றார் கருப்பசாமி. அடுத்த வருடம் முத்துலெட்சுமி எட்டாம் வகுப்பில் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நின்றுபோன பிள்ளைகள் சிலரும் திரும்பி வந்தார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் சொந்தப் பிள்ளைகள் பாஸ் ஆனபோதுகூட இல்லை.

அந்தத் திறப்பு விழாவில் சுடலைமுத்து, "அக்கா, ஒங்க பேரையும் எங்கயாச்சும் எழுதணும்லா?" என்று கேட்டார். "எழுதணும்னா அந்தக் கதவுல எழுதும். எனக்கு அதுல ஒரு கொறச்சலும் இல்ல" என்றார் அக்கா. கேலி என்று எல்லோரும் சிரித்தோம்.

போன வாரம் பள்ளியில் அவருக்கு அஞ்சலிக் கூட்டம். நான் ஓய்வுபெற்று வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் கூப்பிட்டிருந்தார்கள். பேச எழுந்த அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அக்காவின் பெயரை எங்கே எழுதுவது என்று பேச்சு வந்தது. கட்டப்போகும் மேடையில் என்றார் ஒருவர், நூலகத்தில் என்றார் இன்னொருவர். அதற்குள் எனக்கு டீ கொண்டுவந்தார்கள். என் வாய் என்னைக் கேளாமலே, "டீ இருக்கட்டும். கக்கூஸ் எங்க இருக்கு?" என்றது. ஆசிரியைகளுக்கான கழிப்பறையைக் காட்டினார்கள். "அது வேண்டாம். பிள்ளைக போறதக் காட்டுங்க" என்றேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். சுத்தமாக விழுந்தது. நிமிர்ந்தால், கதவின் உள்பக்கம் நீலப் பெயிண்டில், கோணலும் மாணலுமாக, 'உபயம்: கோமதி அக்கா'. பழைய எழுத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் பூசித் தடித்துப்போயிருந்தது.

வெளியே வந்து அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "அது எப்பவும் உள்ளதுதான் டீச்சர். எட்டாங்கிளாஸ் முடிச்சுப் போறவங்க ஒவ்வொரு வருசமும் பெயிண்ட் அடிச்சுட்டுப் போவாங்க. மொதல்ல எழுதுனது முத்துலெட்சுமி அக்காவாம்" என்றாள். இத்தனை காலம் தலைமையாசிரியையாக இருந்த எனக்குத் தெரியாது. அந்தக் கதவு, உள்பக்கம் சுவரோடு ஒட்டித் திறந்து கிடக்க எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், உள்ளே போய்ச் சாத்தினால்தானே தெரியும்?

"கோமதி அக்காவுக்குத் தெரியுமாட்டி?" என்றேன்.

"தெரியாம என்ன? வரும்போதெல்லாம் உள்ள போய்த் தாழ்ப்பாளப் போட்டுப் பாப்பாங்கல்லா. வெளிய வரும்போது சிரிச்சிக்கிட்டே வருவாங்க."

நான் அங்கேயே நின்று குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். கூட்டத்துக்குத் திரும்பிப் போனபோது பெயர் எழுதும் பேச்சு இன்னும் முடியவில்லை. "அதெல்லாம் எழுதியாச்சு" என்று சொல்லி உட்கார்ந்தேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: இனி எந்தப் பள்ளிக்குப் போனாலும் டீயைப் பிறகு வாங்கிக்கொள்வேன். முதலில் அவருடைய கேள்வியைக் கேட்பேன். உள்ளே போய், கதவைச் சாத்திப் பார்ப்பேன்.