மகாராஜபுரத்து மாமி போட்ட சோப்பு

"வேதக்காரப் பிள்ளை போட்ட சோப்புல மாட்டுக்கொழுப்பு இல்லேன்னு சொன்னா, இந்தத் தெருவுல எவ நம்புவாட்டி?"

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிக்குப் பக்கத்து மளிகைக் கடைக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டார். கொழுப்புக்குப் பயந்து அந்தத் தெருப் பெண்கள் கடைச் சோப்பைத் தொடமாட்டார்கள், பயற்றமாவோடு சரி. அவர்களுக்காகவே தேங்காயெண்ணெயிலும் இலுப்பெண்ணெயிலும் நான் சோப்பு போட்டிருந்தேன்.

கிறிஸ்தவர்களான எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். செய்முறை அங்கே கற்றது. காரச்சோடா, ராஜபாளையத்தில் அப்பா வேலை பார்த்த சாயப்பட்டறையிலிருந்து வந்தது. சோடாவைக் கரைத்துச் சூடேறிய தண்ணீர் ஆறிய பிறகு எண்ணெயில் ஊற்றி, தோசைமாவுப் பதம் வரும்வரை கிண்ட வேண்டும். தேன் கடைசியில்தான். சூட்டோடு விட்டால் பொங்கி வழியும். என் கை பொத்துப்போன பிறகே அது தெரிந்தது.

"தேச்சுப் பாத்துட்டுப் பேசுங்க, மொதலாளி" என்று ஒரு கூடைச் சோப்பை வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் புதுக் கூடையோடு போனபோது பழையது காலியாக இருந்தது.

"சரக்கு நல்லாத்தான் இருக்கு. திரும்பத் திரும்பக் கேக்காவ" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "மகாராஜபுரத்துல ஆசாரமான மாமி ஒருத்தி மடியா இருந்து போடுதாவன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ பொறவாசல் வழியா வச்சுட்டுப் போயிரு. எம்புட்டுன்னாலும் எடுத்துக்கிடுதேன்."

"அந்த மாமிக்கும் கை பொத்துச்சா, மொதலாளி?"

"படிச்ச திமிரப் பாரு."

அவர் தலைக்கு மேலே அய்யனார் கோவில் மலைத்தேன் வரிசையாக இருந்தது. என் சோப்பில் விட்டதும் அதே தேன். அதைச் சாமிக்கே ஊற்றுகிறார்கள். பாறையில் தொங்கி எடுத்தவர் யார், என்ன சாதி என்று ஒருவரும் கேட்டதில்லை. என் சோப்புக்கு மட்டும் இல்லாத ஒரு மாமி வேண்டியிருந்தது.

கூடையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே வந்தேன்.

"பேரச் சொல்லாட்டி என்னட்டி? பேரா அழுக்கப் போக்குது?" என்றாள் அம்மா, வீட்டில் நடந்ததைச் சொன்னதும்.

"வித்தாச் சரிதான தாயி" என்றார் அப்பா. அவர் சாயம் ஏற்றிய நூல் ஆயுசு முழுக்க வேறு யார் பேரிலோ விலைபோயிற்று. அது அவருக்குப் பழகிவிட்டது. கடைக்காரர் சொன்னதைவிட அந்தப் பழக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாளே தச்சரிடம் ஓர் அச்சுப்பெட்டி செய்து வாங்கினேன். அதன் அடிப்பலகையில் என் பேரையும், கீழே ராஜபாளையம் என்றும் நானே உளியால் வெட்டினேன். எழுத்தைத் திருப்பி வெட்டினால்தான் சோப்பில் நேராக விழும். முதல் சட்டியை அதில் ஊற்றி மூடினேன். பிறகு தேரடிக்குப் போய், அந்தக் கடைக்கு நேர் எதிரே பாய் விரித்துச் சோப்பு விற்க இடம் பேசி முடித்தேன்.