பதில் முகாமையாளர்

பெனடிக்ற் சேர் காலமாகிவிட்டார். இன்று விடியற்காலை, தோட்டவெளியில் அவருடைய வீட்டில். ஹார்ட் அட்டாக்.

எங்கள் கம்பனியின் மன்னார்க் கிளைக்குப் பொறுப்பாக இருந்தவர். பதவி 'பதில் முகாமையாளர்'. அதாவது அக்டிங்... நிரந்தரமாக ஒருவரைப் போடும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்றது கொழும்புத் தலைமை அலுவலகம். ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டார்.

"நாங்கள் கேட்டு எழுதினால் பதில் வராது. அதுதான் பதவியிலயே பதிலைப் போட்டு விட்டிருக்கினம்" என்பார். சிரிக்காமல்தான் சொல்லுவார்.

ஒரு கோடையில் கிளையின் ஏசி பழுதானது. திருத்துவதென்றால் மூன்று பேரிடம் கொட்டேஷன் எடுக்கவேண்டும், அது ரூல். மன்னார்த் தீவில் ஏசி திருத்த இருந்தவர் ஒரே ஒருவர். சேர் அதை எடுத்துச் சொன்னார். கொழும்பு திரும்பவும் மூன்று கேட்டது.

"அப்ப மற்ற ரெண்டு பேரையும் நீங்களே அனுப்பி விடுங்கோ" என்று மரியாதையாகச் சொல்லி ஃபோனை வைத்தார். மழை தொடங்கும்வரை யன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்தோம். கீபோர்ட் எல்லாம் உப்புக் காற்றில் பிசுபிசுத்தது.

சும்மா சொல்லக்கூடாது, நல்லதும் இருந்தது. சம்பளம் ஒருநாளும் பிந்தியதில்லை. என் மகளுக்கு ஒப்பரேஷன் என்றபோது கம்பனி மெடிக்கல் எல்லாவற்றையும் பார்த்தது, ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் இன்னும் அங்கேயே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த ஒரு சொல் சேரை உறுத்தியது. மகளின் கல்யாணக் கார்டில் தன் பதவியையே போடவில்லை. முகாமையாளர் என்று போட்டால் பொய், உள்ளதைப் போட்டால் சம்பந்தி வீட்டார் விளக்கம் கேட்பார்கள் என்றார். அன்றைக்குப் பகிடி எதுவும் விடவில்லை.

இன்று மத்தியானம் கொழும்பிலிருந்து அனுதாபச் செய்தி வந்தது, அஞ்சலிப் பனர் அடிப்பதற்கான வசனத்தோடு. இது மட்டும் உடனே வந்தது. 'எமது முன்னாள் பதில் முகாமையாளர்...'

செத்த வீட்டில் சேரின் மனைவிக்கு அதை ஃபோனில் காட்டினேன். வாசித்துவிட்டு ஃபோனைத் திருப்பித் தந்தார்.

"தம்பி, அந்தப் பதில் எண்டதை எடுக்க ஏலாதோ?"

கொழும்பு அனுப்பிய வசனத்தில் கைவைப்பதென்றால் கொழும்பைக் கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை. பிரிண்ட் கடைக்குப் போய் அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னேன். பனர் இப்போது கேற்றில் கட்டியிருக்கிறது.

கவலையாகத்தான் இருக்கிறது. நாளை பின்னேரம் தோட்டவெளிக் கோவிலில் பூசை, பிறகு அடக்கம். பழைய ஸ்டாஃப் முடிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்கோ, மனேஜர் சேர்.