எங்களுக்கென்று ஒரு கல்லறை

கல்லறைத் திருநாள் வந்தாலே எனக்கு வயிறு எரியும். ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு ஸ்டெல்லாவுக்குச் சொந்தமாக ஒரு கல்லறை இருந்தது. எங்களுக்கு இல்லை.

அவளுடைய தாத்தாவுக்குப் பளபளவென்று கறுப்புக் கல், சாமந்தி மாலை, கை தடிமனுக்கு மெழுகுவத்திகள். விளிம்பில் உட்கார்ந்து காலாட்டியபடி, "எங்க தாத்தாது, தொடாத" என்பாள். நாங்களோ நடுவிலிருந்த பொதுச் சிலுவையடியில் ஒற்றை மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். எங்கள் வீட்டில் யார் செத்தால் தோதாக இருக்கும் என்றுகூட யோசித்திருக்கிறேன். சித்தப்பா சரிப்படுவார் என்று பட்டது. ஆனால் அவர் குத்துக்கல்லாட்டம் இருந்தார்.

"நமக்கு ஏம்மா கல்லறை இல்ல?" என்று கேட்டால், "இன்னா கேள்வி இது? கம்முனு வா" என்பாள் அம்மா.

மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் நானே ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். மதிலோரத்தில், கப்பலில் வந்து இங்கேயே செத்துப்போன வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் புல் மண்டிக் கிடந்தன. அவற்றைத் தேடி யாரும் வருவதில்லை. நங்கூரம் செதுக்கிய ஒரு கல்லைப் பாவாடையால் துடைத்து, மிச்சம் மீதி மெழுகுவத்தித் துண்டுகளைப் பொறுக்கி ஏற்றினேன். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "எங்க கொள்ளுத்தாத்தா" என்றேன்.

"வெள்ளக்காரன் உனுக்குத் தாத்தாவா? கண்ணாடில மூஞ்சப் பாத்துகினியா?"

பூ இருந்தால் நம்பியிருப்பாள் என்று தோன்றியது. அம்மா தலையில் மல்லிகை இருந்ததே என்று ஓடினேன். ஸ்டெல்லா தாத்தாவின் கல்லறைக் கால்மாட்டில் அம்மா மண்டியிட்டிருந்தாள். தலையில் பூ இல்லை. அது அந்தக் கறுப்புக் கல்லின் ஓரத்தில், மண்ணின் மேல் இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்களுக்குத்தான் அவ்ளோ கீதே!" என்று கத்தி, பூவைப் பிடுங்கினேன். அதுவரை என்னை அடித்தே அறியாத அம்மா பளாரென்று அறைந்தாள்.

"கொயந்தைக்கு இன்னா தெரியும், வுடுக்கா" என்று ஸ்டெல்லாவின் அம்மா என்னிடமிருந்து பூவை வாங்கினாள். தங்கள் மாலையைச் சற்று நகர்த்தி, அந்த மண்ணிலேயே திரும்ப வைத்தாள். அதுவும் எனக்கு நடிப்பாகத்தான் பட்டது.

இடமில்லாத கல்லறைத் தோட்டம் அது. கல் கட்டாத குழிகளைச் சில வருஷம் கழித்துத் தோண்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டெல்லாவின் தாத்தாவை இறக்கிய இடத்தில் அதற்கு முன்பு படுத்திருந்தவன், நான் பிறப்பதற்கு முன்பே பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்ட என் அண்ணன். இதை அம்மா என்னிடம் சொல்ல இன்னும் பல வருஷம் இருந்தது. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம், அம்மாவுக்கு என்னைவிட ஸ்டெல்லா வீட்டுக்காரர்களைத்தான் பிடிக்கும் என்று அழுதுகொண்டே வந்தேன்.