பத்து விரலுக்கும் "ம்"

புனேயிலிருந்து லோக்கல் ரயில் வந்து நின்ற நேரம். என் ஷேர் ஆட்டோவில் மூன்று சீட் ஏறிவிட்டது, நான்காவதுக்குக் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வண்டி மராட்டிக்காரர் வந்து, நர்ஸ் வேதமணி சிஸ்டர் காலையில் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்றார். ஏறியவர்களை இறக்கிவிட்டேன். தேஹு ரோடு ஊர் முழுக்க வெறும் வண்டியோடு சுற்றினேன். இன்னும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூட நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிர் கிளினிக்கில் கட்டுப்போடும் வேதமணி அக்காவை இந்த ஊர்த் தமிழர்கள் உங்களுக்கெல்லாம் தெரியும். என்னைப் போன்ற சர்க்கரை நோய்க்காரர்களின் பாதத்தைப் பார்க்காமல் விடமாட்டார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து விரல் விரலாகத் தொடுவார். உணர்ந்தால் "ம்" சொல்ல வேண்டும். நான் இமையிடுக்கில் பார்த்துப் பத்துக்குப் பத்து வாங்குவேன். "பரிசு எங்கேக்கா?" என்று கேலி வேறு.

ஒருநாள் அவருக்கு டீ கொண்டுபோனேன்.

"ஏலே முருகேசா, இடது கால் செருப்பு எங்கலே?"

குனிந்தேன். இல்லை. எங்கே கழன்றதென்றே தெரியவில்லை.

"ஒத்தச் செருப்புதான்க்கா இப்போ ஃபேஷன்."

அவர் சிரிக்கவில்லை. "பஞ்சுல ஏமாத்துனியோ? என்னைய இல்லலே, ஒன் காலைத்தான் ஏமாத்திருக்க." கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப்போனார்.

ரத்தத்தில் பி12 வைட்டமின் குறைவு. வருஷக்கணக்காகச் சாப்பிட்ட சர்க்கரை மாத்திரை அதைக் குறைத்திருக்கலாம். சர்க்கரையும் நரம்பைக் கெடுக்கிறது, இந்தக் குறையும் கெடுக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள். நாலாம் வகுப்பு படித்த எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: குற்றவாளி மாத்திரை. நிறுத்திவிட்டேன். ஊசி இருக்கும் தைரியத்தில் ஜிலேபியும் தின்றேன்.

அக்கா கண்டுபிடித்துவிட்டார். "வைட்டமின் நரம்புக்குச் சோறுலே. சர்க்கரைய அது அடக்காது. ரெண்டும் வேணும். காலை எடுத்த பொறவு நான் எதைத் தொட்டுப் பாக்க?"

அன்றே மாத்திரையை மறுபடி தொடங்கினேன்.

சில மாதங்களில் பாத எரிச்சல் குறைந்தது. விரல்களில் உணர்வு வந்தது. இடது சுண்டுவிரல் மட்டும் திரும்பவில்லை. அக்காவின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல், பழையபடி இமையிடுக்கில் பார்த்து அதற்கும் "ம்" சொன்னேன். போன வாரம்கூடச் சொன்னேன்.

அடக்கம் முடிந்து, கிளினிக்கில் அக்காவின் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வீட்டுக்கு வந்து, மனைவி கையில் கொடுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒன்பது "ம்" ஆயிற்று. காத்திருந்தேன்.

"இன்னும் தொடலியா?"

"எப்பவோ தொட்டாச்சுங்க."

நாளைக்கு டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன். அக்கா, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு துண்டுப் பஞ்சு. இனி கண்ணை நிஜமாகவே மூடுவேன்.