பிள்ளைகள் படிப்பகம்

அஞ்சுகிராமம் எல்லையில் அரிசிக் கடத்தல் சோதனைக்காக பஸ் நிற்கிறது. சாலையோரம் ஊர்கூடிக் கட்டிய சிறு கட்டடம். வெள்ளைச் சுவரில் ‘பிள்ளைகள் படிப்பகம்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே பத்துப் பையன்கள். சன்னலுக்கு வெளியே நின்று ஒரு சிறுமி எட்டிப் பார்க்கிறாள்.

“உள்ளே அனுப்பக் கூடாதா?” என்று இறங்கிப் போய், நுங்கு விற்கும் அவள் அம்மாவிடம் கேட்கிறேன்.

“அது பிள்ளைமார் சாதிக்குள்ளதாக்கும், ஐயா. செவுத்துல எழுதியிருக்குல்லா? கல்லு சொமக்க மட்டும் எங்களையும் விளிச்சாவ.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. “பிள்ளைகள் என்றால் குழந்தைகள், அம்மா!” என்று கத்துகிறேன். அவள் நம்பவில்லை. டீக்கடையில் கரித்துண்டு வாங்கி, ‘எல்லாப் பிள்ளைகளும் வரலாம்’ என்று கீழே எழுதுகிறேன். சிறுமி எழுத்துக்கூட்டி உரக்க வாசிக்கிறாள்.

“அப்பம், வடக்குத்தெரு பிள்ளைமாரும் இனி இங்கதான் வருவாவளா?” என்கிறாள் அம்மா.